‘நேரில்’ என்ற ஒரு சொல்: குடும்பநல நீதிமன்றங்களுக்கு ஒரு நாத்தனாரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடும்பநல நீதிமன்ற நீதிபதிகளுக்கும், அங்கே பணிபுரியும் ஆலோசகர்களுக்கும், இரண்டு பக்கத்து வழக்கறிஞர்களுக்கும் வணக்கம்.

நான் சட்டம் படித்தவள் இல்லை. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் வழக்குக் கட்டுகளில் எங்கேயாவது என்னைப் பற்றிக் குறிப்பு இருந்தால், அது ‘மனுதாரரின் மூத்த சகோதரி’ என்ற அளவில்தான் இருக்கும். எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் நாத்தனார். தொலைக்காட்சித் தொடர்களில் பாயசத்தில் உப்பை அள்ளிப் போடுகிறவளும், கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்கிறவளும் நான்தான். அப்படிப்பட்டவள் எழுதும் மடல் இது. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள், தப்பில்லை.

நாலு வருடமாக, மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் காலை 10 மணிக்கு, குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் என் தம்பி மனைவி தன் மகனை என்னிடம் விடுகிறாள். நான் அவனை மின்சார ரயிலில் பெரம்பூருக்கு அழைத்துப் போய்த் தம்பியிடம் சேர்க்கிறேன். மறுநாள் மாலை 5 மணிக்கு அதே நடைமேடையில் திருப்பி விடுகிறேன். தம்பியும் அவளும் இந்த நாலு வருடத்தில் கோர்ட்டைத் தவிர வேறெங்கும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பையன் அம்மாவையும் பார்க்கிறான், அப்பாவையும் பார்க்கிறான்.

நான் கேட்பது ஒன்றுதான். விசிட்டேஷன் ஆர்டர், அதாவது பிரிந்திருக்கும் பெற்றோரில் ஒருவரிடம் இருக்கும் குழந்தையை மற்றவர் பார்ப்பதற்கான உத்தரவு, எழுதும்போது, குழந்தையை யார் கொண்டுவந்து விடுவது, யார் வந்து வாங்கிக்கொள்வது என்பதையும் யோசித்து எழுதுங்கள். அது அப்பாவும் அம்மாவுமாகத்தான் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பேருக்கும் சம்மதமான மூன்றாவது ஆள் இருந்தால் அவர் பெயரை ஆர்டரிலேயே போடுங்கள். சண்டை நடந்து, கோர்ட்டுக்கு மெமோ என்ற குறிப்பு போட்டு, பதில் மனு வந்த பிறகு போடுவதை முதல் ஆர்டரிலேயே போட்டுவிடலாம்.

எங்களுக்குக் கிடைத்த முதல் இடைக்கால ஆர்டர் ஒன்றரைப் பக்கம். அதில் நாள் இருந்தது, நேரம் இருந்தது, இடம் இருந்தது. தாய் நேரில் ஒப்படைக்க வேண்டும், தந்தை நேரில் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. எந்த நீதிமன்றம் என்று எழுதப்போவதில்லை, அது தேவையும் இல்லை. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். யாரோ ஒரு ஆளின் கையில் குழந்தை போய்விடக் கூடாதே என்ற கவலை அதில் இருக்கிறது. ஆனால் அந்த ‘நேரில்’ எங்களை எட்டு மாதம் ஆட்டிவைத்தது.

இடம் ஒரு மால். மேல்மாடியில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் பகுதி. கேமரா இருக்கும், கூட்டம் இருக்கும், யாரும் கை ஓங்க மாட்டார்கள் என்று இரண்டு வழக்கறிஞர்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. கை ஓங்கவில்லைதான். வாய் போதுமே. முதல் தடவை, பையனின் செருப்பு அறுந்திருந்ததைப் பற்றி. அடுத்த தடவை, யாரைக் கேட்டு முடி வெட்டினாய் என்று. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளி டைரி. திங்கட்கிழமை டைரி இல்லாமல் போனால் வகுப்பில் நிற்க வைப்பார்கள். பையைத் திறந்து பார்த்துவிட்டு அவள் ‘டைரி எங்க?’ என்றாள். ‘நீ வெச்சு அனுப்பியிருந்தாதானே இருக்கும்’ என்றான் தம்பி. அப்புறம் குரல் ஏறியது. பக்கத்து மேஜையில் இருந்த ஒருவர் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

பையன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, ‘நான்தாம்மா எடுத்து வைக்க மறந்துட்டேன், என் தப்புதான்’ என்றான். அப்போது அவனுக்கு ஐந்தரை வயது.

அன்று மதியம் அவன் பையை அடுக்கியது நான். டைரியை மறந்தது நான். தம்பிக்குத் துணையாக மாலுக்குப் போயிருந்த நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர்கள் இரண்டு பேரும் டைரியை விட்டுவிட்டு, தங்கள் கல்யாணப் பந்தியில் யாருக்கு முதலில் இலை போட்டார்கள் என்ற இடத்துக்குப் போய்விட்டார்கள். நான் சொல்லவில்லை. பையன் வாங்கிக்கொண்ட பழி அப்படியே நின்றது.

அதற்கு அப்புறம் ஒரு சனிக்கிழமை அவளுக்கு டெங்குக் காய்ச்சல். அவளுடைய அப்பா, எழுபதைத் தாண்டியவர், பேரனை ஆட்டோவில் அழைத்து வந்து விட்டுப் போனார். எங்கள் பக்கத்து வழக்கறிஞர், ஆமாம், எங்கள் பக்கத்தவர்தான், ஆர்டரில் நேரில் என்று இருக்கிறது, இதை விட்டுவிட்டால் நாளைக்குக் கார் டிரைவரை அனுப்புவார்கள் என்று மெமோ போட்டார். தம்பி கையெழுத்துப் போட்டான். பக்கத்தில் நின்ற நானும் ‘சரிதானே’ என்று சொன்னேன். மருத்துவச் சான்றிதழ் போலி என்று நாங்கள் சொல்ல, இது அவதூறு என்று அவர்கள் பதில் மனுப் போட, ஒரு வாய்தாவில் நீதிபதி விடுப்பில் இருக்க, அடுத்ததில் வழக்கறிஞர்கள் பணிப் புறக்கணிப்பில் இருக்க, பதினோரு வாரம் பையன் அப்பாவைப் பார்க்கவில்லை. தாத்தா பேரனைக் கையைப் பிடித்து அழைத்து வந்ததற்குக் கிடைத்தது இது.

வழி பிறந்தது கோர்ட் ஹாலில் இல்லை, வராண்டாவில். ஆலோசகர் அம்மா ஒருவர் இரண்டு பேரையும் நிற்க வைத்து, ‘நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கணும்னு என்ன இருக்கு? பிள்ளைதானே போகணும்?’ என்று கேட்டார். யாராவது ஒரு ஆளைச் சொல்லுங்கள் என்றார். தம்பி தன் நண்பன் ஒருவனைச் சொன்னான். அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘அக்கா வந்தா குடுக்கறேன்’ என்றாள்.

அவள் மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த முதல் புகாரில் மூன்றாவதாக இருந்தது என் பெயர். ஒரு மதியம் முழுக்க அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பிறகும் ஏன் என்னைச் சொன்னாள் என்று இதுவரை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. நல்லவரா கெட்டவரா என்பதை வைத்து இந்த வேலைக்கு ஆளைத் தேடக் கூடாது. குழந்தையைக் கண்ணும் கருத்துமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று இரண்டு பேரும் நம்புகிற ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று வெளியில் இருப்பவர்களால் ஊகிக்கவே முடியாது. கேட்டால்தான் தெரியும். எங்களை எட்டு மாதம் யாரும் கேட்கவில்லை.

இனி ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

குரோம்பேட்டையில் ஏறும்போது அவன் பேச மாட்டான். ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பல்லாவரம் தாண்டித் திரிசூலம் வரும். எதிரே விமான நிலையம். அங்கே ஏதாவது இறங்கினால் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்ப்பான். மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை. நானும் ஒன்றும் கேட்க மாட்டேன். கிண்டி வரும்போது காலை ஆட்ட ஆரம்பிப்பான். சைதாப்பேட்டைப் பாலத்தில் வண்டி போகும்போது ‘அத்தை, ஆத்துல தண்ணி இருக்கு’ என்பான், அல்லது இல்லை என்பான். மாம்பலத்தில் கடலை உருண்டை. பார்க் ஸ்டேஷனில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாகப் போய், சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் அடுத்த வண்டியைப் பிடிப்பதற்குள் என் கையை உதறிவிட்டு முன்னால் ஓடுவான். பெரம்பூரில் அப்பாவைப் பார்க்கும்போது அவன் முகத்தில் ஒரு குறையும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை இதே பாதை திரும்பி ஓடும். பெரம்பூரில் மௌனம், சைதாப்பேட்டையில் ஆறு, பல்லாவரத்தில் ‘அம்மா வந்திருப்பாங்களா?’

ஒன்றரை மணி நேரம் ஆகும் இந்தப் பயணத்துக்கு. ஆரம்பத்தில் எனக்கு இது வீண் அலைச்சலாகத்தான் தெரிந்தது, முட்டிவலி வேறு. போகப் போகத்தான் விளங்கியது. அம்மாவை விட்டுப் போகிறோமே என்று முகம் வாடவும், அப்பாவைப் பார்க்கப் போகிறோம் என்று முகம் மலரவும் அவனுக்கு நேரம் வேண்டியிருக்கிறது. மாலில் அந்த இரண்டும் ஒரே விநாடியில் நடக்க வேண்டியிருந்தது, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அப்பாவைப் பார்த்துச் சிரித்தால் அம்மா பார்க்கிறாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தால் அப்பா பார்க்கிறான். சிரித்தாலும் குற்றம், அழுதாலும் குற்றம். அழுததைக் குறித்துவைத்துக்கொண்டு, குழந்தை தந்தையிடம் போக மறுக்கிறது என்று அவர்கள் வழக்கறிஞர் மனு எழுதினார். சிரித்ததை வைத்துக்கொண்டு, குழந்தை தாயிடம் மகிழ்ச்சியாக இல்லை என்று எங்கள் வழக்கறிஞர் எழுதினார். ஐந்தரை வயதுப் பையனின் முகத்தை இரண்டு அபிடவிட்டுகளில், அதாவது பிரமாணப் பத்திரங்களில், படித்திருக்கிறேன் நான்.

கடலை உருண்டை தின்றுகொண்டு வருகிறவன் முகத்தை நான் எந்த அபிடவிட்டிலும் எழுத வேண்டியதில்லை. மூன்றாவது ஆள் என்பவர் சண்டையைத் தடுக்கிற காவல்காரர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது இந்த இடைவெளியை. பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தப்பா பத்து நிமிடம் ஸ்கூட்டரில் அழைத்துப் போனாலும் அந்தப் பத்து நிமிடம் குழந்தைக்குக் கிடைக்கும்.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று யாராவது சொல்வார்களோ என்று பயந்து, தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு இரண்டு சட்டங்களை எடுத்துக் காட்டினார். ஒன்று 1890-ஆம் வருடத்துக் காப்பாளர் மற்றும் காப்புக்குரியோர் சட்டம். அதன் 12-ஆம் பிரிவின்படி, குழந்தை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர், நீதிமன்றம் சொல்லும் இடத்தில், சொல்லும் நேரத்தில், நீதிமன்றம் நியமிக்கும் ஒருவர் முன்னால் குழந்தையைக் கொண்டுவர வேண்டும் அல்லது கொண்டுவரச் செய்ய வேண்டும் என்று நீங்கள் உத்தரவிடலாம். ‘கொண்டுவரச் செய்ய’ என்பதைக் கவனியுங்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே, பெற்றவரே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று எழுதவில்லை. கார் டிரைவர் மெமோ போட்டவருக்கு இதை யாராவது படித்துக் காட்டியிருக்கலாம்.

மற்றொன்று 1984-ஆம் வருடத்துக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம். வேடிக்கை, அதிலும் 12-ஆம் பிரிவுதான். நீதிமன்றம் தன் பணிக்கு உதவியாக மருத்துவ நிபுணரையோ, குடும்ப நலனுக்காக உழைப்பவரையோ, தகுந்த வேறு ஒருவரையோ அழைத்துக்கொள்ளலாம்; முடிந்தால் அவர் பெண்ணாக இருக்கட்டும்; அவர் வழக்காடுபவர்களுக்கு உறவாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்கிறது அது. உறவாக இருக்கும் பெண். நாத்தனாருக்குச் சட்டத்தில் இப்படி ஒரு மரியாதை இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றமும், குழந்தைக்கு இரண்டு பெற்றோரின் அன்பும் வேண்டும், ஒருவரிடம் குழந்தையை விடும்போது மற்றவர் பார்ப்பதற்கான வழியை அதன் தன்மை, முறை, விவரங்களோடு தெளிவாக வரையறுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறதாம். முறை, விவரம். நாளும் நேரமும் எல்லா ஆர்டரிலும் வந்துவிடுகின்றன. குழந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் அந்த ஒரு நிமிடத்தின் விவரம்தான் விடுபட்டுப்போகிறது. பிரச்சினை எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில்தான் நடக்கிறது.

எங்கள் வீட்டு விஷயத்தில் அடி உதை இல்லை. இருக்கிற வீடுகளைப் பற்றி யோசித்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின் கீழ் ஒரு பெண் பாதுகாப்பு உத்தரவு வாங்கினால், கணவன் அவளை நேரிலோ, பேச்சிலோ, எழுத்திலோ, போனிலோ தொடர்புகொள்ளக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை போடலாம். அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவில், அவன் குழந்தையைப் பார்ப்பதற்கான ஏற்பாட்டையும் அவரே செய்யலாம். பார்ப்பதால் குழந்தைக்குக் கெடுதல் என்று தோன்றினால் மறுக்கவும் வேண்டும். சரி, தடையும் இருக்கிறது, பார்க்க அனுமதியும் இருக்கிறது. குழந்தையை யார் கொண்டுபோய் விடுவது? நெருங்கவே கூடாது என்று தடை வாங்கிய அதே ஆளின் முன்னால் மாதம் இரண்டு தடவை அந்தப் பெண் போய் நிற்க வேண்டுமா? இடையில் ஒரு ஆளை நீங்கள் வைக்காவிட்டால் இரண்டு உத்தரவுகளும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அடி வாங்குவது அவளாகத்தான் இருக்கும்.

2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த ஒரு உத்தரவு உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தையைப் பார்க்க வரும் கணவரை விருந்தினரைப் போல உபசரித்துக் காபி, பலகாரம் கொடுக்க வேண்டும் என்று தனி நீதிபதி ஒருவர் சொன்னார். பிறகு இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்துவிட்டது. செய்திகளில் படித்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதற்குப் பின்னால் இருந்த ஆசை எனக்குப் புரிகிறது. குழந்தையின் முன்னால் பெற்றோர் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று எல்லோரும்தான் விரும்புகிறோம். முடிகிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும். எத்தனையோ பேர் வீட்டு வாசலில் நின்று ‘சாப்டாச்சா?’ என்று கேட்டுவிட்டுக் குழந்தையை விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு என்னைப் போன்ற ஆள் தேவையில்லை. முடியாதவர்களிடம் போய், முடிந்தே ஆக வேண்டும் என்று சொல்வதுதான் வீண். அது தானாகப் பழுத்தால் பழுக்கட்டும். அதுவரை குழந்தை காத்திருக்க வேண்டுமா?

‘பெத்த பிள்ளையைக் கூட்டிட்டுப் போகக்கூட வர முடியாதா உனக்கு?’ என்று தம்பியைக் கேட்காத ஆள் இல்லை. எங்கள் அம்மாவே கேட்டாள். எதிர்ப் பக்கத்து வழக்கறிஞர் அதையே கோர்ட்டில் நாகரிகமான வார்த்தைகளில் சொன்னார்: தந்தைக்கு உண்மையான அக்கறை இல்லை, அக்காவை அனுப்புகிறார். இதற்கு நீங்கள்தான் முற்றுப்புள்ளி வைக்க முடியும். ஆர்டரிலேயே மூன்றாவது ஆள் இருந்தால், வராமல் இருப்பது அக்கறையின்மைக்கு அடையாளம் ஆகாது, கோர்ட் சொன்னதைக் கேட்டதாக ஆகும். ஆண்பிள்ளைக் கௌரவத்துக்கும் அது ஒரு வழி விடுகிறது. ‘ஜட்ஜ் சொல்லிட்டாரு, என்ன பண்றது’ என்று சொல்லிக்கொள்ளலாம் இல்லையா?

மூன்றாவது ஆள் என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. நானே கெடுத்திருக்கிறேன். இரண்டாவது வருடம், ஜூன் மாதம். நடைமேடையில் அவள், ‘அக்கா, டெர்ம் ஃபீஸ் கட்டணும், அவர்கிட்ட சொல்லிடுங்க’ என்றாள். நான் தம்பியிடம் சொன்னேன். சொன்னது மட்டுமில்லை, ‘போன மாசம்தான் புதுப் போன் வாங்கியிருக்கா, கையில பாத்தேன்’ என்று என் பங்குக்கு ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். ஏன் சேர்த்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நாத்தனார் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி அன்றிரவு அவளுக்கு அனுப்பிய வாட்ஸப் செய்தி அடுத்த வாய்தாவில் பிரின்ட் அவுட்டாக வந்தது. ஒரு மாதம் அவள் பையனை அனுப்பவில்லை. மறுபடி அனுப்பியபோது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தாள்.

அந்த நோட்டு இப்போது மூன்றாவது நோட்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. பையனின் பையிலேயே இருக்கும். ‘இருமல், சிரப் ராத்திரி 5 மில்லி.’ ‘கணக்கில் 7-ஆம் வாய்ப்பாடு பாக்கி.’ ‘சனி மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.’ இவ்வளவுதான் எழுத வேண்டும். பணம், வழக்கு, யார் வந்தார்கள் யார் போனார்கள், ஒன்றும் கூடாது. நான் வாயால் எதையும் கொண்டுபோவதில்லை. தம்பி சில சமயம் ‘அங்க இப்போ யாரு வந்து போறாங்க?’ என்று மெதுவாகக் கேட்பான். ‘சைதாப்பேட்டை ஆத்துல தண்ணி இருக்கு’ என்று சொல்வேன். புரிந்துகொள்வான்.

அதனால் யாரை நியமிக்கிறீர்கள் என்பதைப் போலவே, அவர் என்ன செய்யக் கூடாது என்பதையும் எழுதுங்கள். குழந்தையை வழியில் குடைந்து கேட்கக் கூடாது. தூது போகக் கூடாது. கட்டுக்குச் சாட்சி சேர்க்கக் கூடாது. கோர்ட்டும் அவரை அவசியம் இல்லாமல் சாட்சிக் கூண்டுக்கு இழுக்கக் கூடாது; இழுத்தால் அடுத்த நாள் முதல் இரண்டு பக்கமும் அவரை உளவாளியாகத்தான் பார்க்கும். இது என் அனுபவத்தில் சொல்வது, சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

யாரை வைக்கக் கூடாது என்பதும் இருக்கிறது. வழக்குக்கு முன்பே சண்டையில் கொடி பிடித்த பாட்டி வேண்டாம். எங்கள் அம்மா என் முட்டிவலியைச் சாக்காக வைத்து ‘நான் போறேன்’ என்று மூன்று தடவை கிளம்பினாள். வாசலில் தடுத்து நிறுத்தினேன். புதிதாக வந்த துணையை எடுத்த எடுப்பில் நடைமேடையில் நிறுத்துவதும் வேண்டாம். குழந்தைக்கு அது வேறொரு பெரிய விஷயம், அதற்கு வேறு நேரம் இருக்கிறது. குழந்தைக்குப் பழக்கமில்லாத ஆளும் வேண்டாம். தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். ஆதார் நகல், போட்டோ, போன் நம்பர் மூன்றையும் வழக்குக் கட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்றையும் கொடுத்திருக்கிறேன். வண்டியில் ஏறியதும் அவளுக்கு ஒரு செய்தி, பெரம்பூரில் இறங்கியதும் ஒரு செய்தி. இதில் எனக்கு ஒரு அவமானமும் இல்லை. பதிவுத் தபாலுக்கே கையெழுத்து வாங்கி வேலை பார்த்தவள் நான்.

இன்னொரு சின்ன விஷயம், மாற்று ஆள். போன வருடம் எனக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது இரண்டு சனிக்கிழமைகள் போயின. என் வீட்டுக்காரர் போகத் தயாராக இருந்தார், அவளுக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் பேப்பரில் என் பெயர்தானே இருக்கிறது என்று தம்பி பயந்தான். தாத்தா விஷயத்தில் தான் செய்ததை அவன் மறக்கவில்லை. இரண்டு பெயராகப் போடுங்கள்.

அப்புறம், இப்படி ஒரு ஆள் கிடைக்காதவர்கள். காதல் கல்யாணம் செய்து இரண்டு வீட்டாலும் ஒதுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்து சென்னையிலோ திருப்பூரிலோ உறவே இல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன செய்வது?

என் சித்தி மகள் டொரன்டோவில் இருக்கிறாள். ஒன்டாரியோ அரசு பணம் கொடுத்து நடத்தும் மையங்கள் அங்கே இருக்கின்றனவாம். தன் தோழிக்குத் துணையாக ஒரு மையத்துக்குப் போய்வந்தவள் சொன்னாள். அம்மா ஒரு நேரத்தில் வந்து குழந்தையை விட்டுவிட்டுப் போய்விட வேண்டும், அப்பா சற்றுக் கழித்துத்தான் வர வேண்டும். இரண்டு பேரும் வாசலில்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். நடுவில் அங்கே வேலை செய்யும் பெண் குழந்தையோடு உட்கார்ந்து படம் வரைவாள். பிரிட்டனிலும் 1980-களிலிருந்தே இப்படிப்பட்ட மையங்கள் இருக்கின்றன. தேவாலயக் கூடங்களில் தன்னார்வலர்கள் நடத்துவது நிறைய. 1991-இலேயே அவற்றுக்கு ஒரு தேசிய அமைப்பும் வந்துவிட்டது.

நமக்கு இது எட்டாத தூரம் இல்லை. நீதிமன்றத்தோடு சேர்ந்த சமரச மையத்தை 2005-இலேயே நாட்டுக்கு முன்னோடியாகத் தொடங்கியது நம் சென்னை உயர் நீதிமன்றம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களில் பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். சனி, ஞாயிறில் பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டிடங்கள் எத்தனை! ஒரு அறை, நான்கு நாற்காலி, கொஞ்சம் கலர் பென்சில், அரை மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டு நேரங்கள். கேமராவும் போலீஸும் நிற்கும் இடமாக அது இருக்க வேண்டியதில்லை. கோர்ட் வாசலில் குழந்தையைக் கைமாற்றுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. கைவிலங்கோடு ஒருவரை ஏற்றி இறக்கும் வேனுக்குப் பக்கத்தில் நின்று எங்கள் பையன் ‘அத்தை, அப்பாவையும் இதுலதான் கூட்டிட்டு வருவாங்களா?’ என்று கேட்டிருக்கிறான்.

நான் கேட்பது ஆர்டரில் நாலு வரி. தபால் அலுவலகத்தில் படிவங்களோடு வாழ்ந்தவள் என்பதால் நானே எழுதிப் பார்த்தேன். மொழி திருத்திக்கொள்ளுங்கள்: ‘குழந்தையை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இன்னார், அவர் வர இயலாதபோது இன்னார், தாயிடமிருந்து பெற்றுத் தந்தையிடம் சேர்த்து, அவ்வாறே திருப்பி ஒப்படைக்கலாம். இதற்காகப் பெற்றோர் நேரில் வரத் தேவையில்லை. வராததை அவர்களுக்கு எதிராகக் கருதக் கூடாது. குழந்தை குறித்த செய்திகள் நோட்டில் எழுதப்பட வேண்டும்.’

எங்கள் ஏற்பாடு இன்னும் ஆர்டரில் ஏறவில்லை. அன்றைக்கு வராண்டாவில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு கூட்டு மெமோவில்தான் நாலு வருடமாக நிற்கிறது. ஒருவருக்கு மனம் மாறினாலும் மறுபடி அந்த ‘நேரில்’ எழுந்து வந்துவிடும். அதை மாற்றச் சொல்லி இரண்டு பேரும் சேர்ந்து போட்ட மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. சேர்ந்து போட்ட மனு என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த வராண்டா மெமோவுக்கு அப்புறம் இந்த வழக்கில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

இன்று நான்காவது சனிக்கிழமை. பையனுக்கு அரையாண்டுப் பரீட்சை, அதனால் நான் போகவில்லை. அடுத்த வாரம் ஈடு செய்துகொள்ளலாம் என்று நோட்டில் எழுதி அனுப்பியிருந்தாள், தம்பி கீழே ‘சரி’ என்று எழுதியிருந்தான். சும்மா கிடைத்த காலை நேரத்தில் இதை எழுதினேன்.

இப்படிக்கு,
ஒரு நாத்தனார்,
மேற்கு மாம்பலம், சென்னை.